ஹெர்பர்ட் பேசிய தமிழ்

போன மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் என் மச்சான் மகன். சாப்பிடாமல் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அப்படி என்னப்பா சிரிப்பு என்று எட்டிப் பார்த்தேன். காக்கி அரைக்கால் சட்டையும் பொன்னிற மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் பாடைக்கு முன்னால் மண்டியிட்டு, "டண்ணி இல்லே மேன்!" என்று கதறுகிறார். மதுக்கடை மூடுகிற நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொள்கிற துணுக்காம் அது.

"அதை நிறுத்துடா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். எதிர்ப்பந்தியில் இருந்து என் மனைவி முறைத்தாள்.

"காமெடிதானுங்க மாமா?" என்றான் பையன். அவன்மேல் தப்பில்லை, அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த அநியாயம். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு முன்னால் எழுந்திருக்கிற ஆளில்லை நான், என் வயிற்றைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அன்றைக்கு எழுந்துவிட்டேன்.

அந்த முகம் ஹெர்பர்ட்டுடையது. குரல் அவருடையது இல்லை. இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நடுவில் எங்கேயாவது கோபத்தில் தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் வரலாறு படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். அசோகர் மரம் நட்டதற்கும் எனக்கு வேலை கிடைப்பதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்ததும், அப்பா ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி வாசலில் நிறுத்தி, "ஓட்டிப் பொழச்சுக்கோ" என்றார். அப்போது பொள்ளாச்சி, கோபி, சத்தியமங்கலம் என்று எந்தத் தோப்பைப் பார்த்தாலும் படப்பிடிப்பு. சென்னைக் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டப் போனேன்.

இன்றைக்கும் நாடக மேக்கப் பசை வாசம் எங்கேயாவது வந்தால் எனக்கு அந்த வண்டியின் பின்சீட்டு ஞாபகம் வந்துவிடும். மீசை ஒட்டுகிற பசை அது. சாராயமும் பிசினும் கலந்த மாதிரி மூக்கில் ஏறும். ஹெர்பர்ட்டுக்கு மீசை கிடையாது. தலையிலும் முடி இல்லை. ஆனால் தமிழ் சினிமாவில் வெள்ளைக்காரன் என்றால் பொன்மீசையும் பழுப்பு முடியும் வேண்டும். வெள்ளைக்காரரையே பிடித்து வெள்ளைக்காரன் வேஷம் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். மறுநாள் படப்பிடிப்புக்குத் தேவையானவை. மாட்டு வண்டி நான்கு, ஆடு இருபது, வைக்கோல் ஒரு லோடு, வெள்ளைக்காரன் ஒன்று. ஆட்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவில் எழுதாமல் விட்டார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அந்த 'ஒன்றை' ஏற்றிக்கொள்ள விடிந்ததும் சிங்காநல்லூருக்குப் போனேன். மில் பக்கத்து லைன் வீடு. உயரமாக, காது மடல் சிவந்து, லுங்கியோடு ஒருவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கல்லூரி ஆங்கிலத்தைத் திரட்டி, "குட் மார்னிங் சார், ஐ ஆம் கார்" என்றேன். டிரைவர் என்ற சொல் அந்த நேரத்தில் ஓடிவிட்டது.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "காரெல்லாம் பேசுதா? உள்ள வா கண்ணு, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்" என்றார்.

எங்கள் ஊர்த் தமிழ். என் பெரியப்பா பேசுகிற தமிழ். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து உள்ளேயிருந்து அவர் மனைவி மரகதம் அக்கா சிரித்தார். வெள்ளகோவில்காரர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

ஹெர்பர்ட் இங்கிலாந்தில் ஒரு மில் ஊரில் பிறந்தவர். அப்பா நெசவு மில் தொழிலாளி. இவருக்குச் சின்ன வயதிலேயே நடிப்புப் பைத்தியம். ஊர் ஊராகப் போகிற ஒரு நாடகக் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். போலீஸ்காரன், சமையல்காரன், சவப்பெட்டி தூக்குகிறவன், இப்படி வேஷங்கள். அவர் ஊர்ப் பத்திரிகை ஒன்று, சமையல்காரராக நடித்தவர் நன்றாக நடித்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தது. பெயர்கூடப் போடவில்லை. அந்தத் துண்டுக் காகிதத்தை மரகதம் அக்காவின் நர்ஸ் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருந்தார். பிறகு கம்பெனி கலைந்து, நூற்பு இயந்திரம் பூட்டுகிற வேலைக்குப் போய், அறுபதுகளில் கோயமுத்தூர் மில் ஒன்றுக்கு இயந்திரம் பூட்ட வந்தார். ஆறு மாத வேலை. விரல் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் மரகதம் அக்கா கட்டுப் போட்டார். இயந்திரம் ஓட ஆரம்பித்தது, கூட வந்தவர்கள் கப்பல் ஏறினார்கள், இவர் ஏறவில்லை; அக்காவைக் கட்டிக்கொண்டு அதே மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அக்கா வீட்டில் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இங்கிலாந்தில் ஹெர்பர்ட்டுடைய அம்மா இறந்தபோது செய்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சமயத்தில்தான் சினிமாக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து என்ன செய்தார்கள்? அடித்தார்கள். நான் பார்த்தே எத்தனையோ ஹீரோக்கள் அவரை அறைந்திருக்கிறார்கள். சாணிக் கரைசலில் தள்ளினார்கள், ஆழியாறு அணையில் முக்கினார்கள், தென்னை மரத்தில் கட்டினார்கள். ஒரு தடவை அறை நிஜமாகவே விழுந்து பல்செட்டு தெறித்துப் போய் வைக்கோலில் விழுந்தது. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. நான் தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். "கை தட்டுனாங்கல்ல கண்ணு, அப்பறமென்ன?" என்றார். நடிகருக்குக் கைதட்டல் எங்கிருந்து வந்தாலும் கைதட்டல்தான் என்பது அவர் நியாயம். எனக்கு அந்த நியாயம் அன்றைக்கும் பிடிக்கவில்லை.

அவமரியாதையை உபசாரம் மாதிரியும் செய்வார்கள். மதியம் எல்லோருக்கும் சாப்பாடு போட்டுவிட்டு அவருக்கு மட்டும் ரொட்டியும் ஜாமும் கொண்டுவந்து வைப்பார்கள். "ஏனுங்க, எனக்கு மட்டும் எதுக்குங்க ரொட்டி? நா என்ன காச்சக்காரனா?" என்று கேட்டுவிட்டு, என்னோடு வண்டி நிழலில் உட்கார்ந்து அக்கா கட்டிக் கொடுத்த அரிசிம்பருப்பு சாதத்தைச் சாப்பிடுவார். கேமரா முன்னால் போனதும் அதே வாயால், "நீ யார் மேன்? டும் என்ன பண்றான்?" என்று பேச வேண்டும். அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். முப்பது வருஷம் இந்த ஊரில் வாழ்ந்து கற்ற பாஷையைக் கழற்றி வைத்துவிட்டு, யாருமே எங்கேயும் பேசாத ஒரு பாஷையைப் பேசுவார். பெயர்ப் பட்டியலில் ஒரே ஒரு தடவை பெயர் வந்தது. 'ஹெபர்ட்' என்று போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் ஓர் இளம் இயக்குநர் வந்தார். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் பவானிக் கரையில் கதை. வாய்க்கால் வெட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர், ஊரோடே தங்கிவிட்டவர். அவரோடு இருபது வருஷம் மண் வெட்டிய மாரப்பன் என்பவன் காலராவில் இறந்துபோக, பாடைக்கு முன்னால் அந்த எஞ்சினியர் பேச வேண்டும். யாரும் அறைய மாட்டார்கள், சாணி கிடையாது. வசனத் தாளைப் படித்துவிட்டு ஹெர்பர்ட் நேராக இயக்குநரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இருவது வருசம் இந்தாளு மண்ணு வெட்டறவங்களோடயே இருந்திருக்காருங்க. அப்ப அவிய பேசற மாதிரிதானுங்களே இவரும் பேசுவாரு? நா அப்படிப் பேசட்டுங்களா?"

இயக்குநர் அவர் கையில் இருந்த வசனத் தாளை வாங்கி மடித்தார். "பேசுங்க சார். அதுதான் சரி" என்றார். அந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். பிற்பாடு அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார்.

அடுத்த ஒரு மாதம் என் அம்பாசிடர் ஒத்திகைக் கொட்டகை ஆயிற்று. அன்னூரில் ஆரம்பித்தால் புளியம்பட்டி தாண்டுவதற்குள் நாலு தடவை பேசிவிடுவார். ஒவ்வொரு தடவையும் "இப்ப எப்படிக் கண்ணு?" என்று கேட்பார். "நல்லா இருக்குதுங் சார்" என்பேன். "நல்லா இருக்குதுன்னா? பொணத்துகிட்டப் பேசற மாதிரி இருக்குதா, கூட்டத்துகிட்டப் பேசற மாதிரி இருக்குதா?" என்று பிடித்துக்கொள்வார். நான் கண்ணாடியில் பார்த்துப் பதில் சொல்வதற்குள் லாரி எதிரே வந்துவிடும். அந்த வசனத்துக்காக நான் சாகாமல் தப்பியது பெரிய விஷயம்.

படப்பிடிப்பு நாள். காலை பத்து மணி வெயில். கூட்டமாக நிற்க உள்ளூர் விவசாயிகளையே அழைத்திருந்தார்கள். முதலில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் நின்றார்கள். ஹெர்பர்ட் பாடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பக்கத்து வீட்டுக்காரனை எழுப்புகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்தார்.

"மாரப்பா... வாய்க்கா முடிஞ்சா நீங்க ஊருக்குப் போயிருவீங்களான்னு கேட்டியே. எந்த ஊருக்கடா போறது? அங்க என்னைய ஆருக்குத் தெரியும்? இருவது வருசமா நீ வெட்டுன மண்ணு என்ற ஒடம்புல ஒட்டியிருக்குது. அதைக் கழுவறதுக்கு அங்க தண்ணி இல்லடா."

முடித்ததும் "கட்" சொல்ல வேண்டிய இயக்குநர் சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்து தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி, படப்பிடிப்பு என்பதையே மறந்து, நேராக வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிங்க. போனவன் போயிட்டானுங்க, எந்திரிங்க" என்றார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்ணில் தூசி.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசுவது அடையாளத்துக்குத்தான். ஒரு டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு சென்னையில் கண்ணாடி அறைக்குள் மறுபடி பேசிச் சேர்ப்பார்கள். டப்பிங்குக்கு ஹெர்பர்ட்டை வரச்சொல்லித் தகவல் வந்தது. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். தொண்டைக்கு இதமாக அக்கா மிளகு போட்ட வெந்நீரை பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்திருந்தார். ரயிலில் அவர் பேசவே இல்லை, குரலைப் பத்திரப்படுத்துகிறாராம்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வராந்தாவில் ஒரு பெஞ்சு. காலையில் உட்கார்ந்தோம். மத்தியானம் ஆயிற்று. நான் உள்ளே போய் விசாரித்தேன். சவுண்ட் என்ஜினியர் தலையை நிமிர்த்தாமல், "அந்த சீனா? போன வாரமே முடிஞ்சிடுச்சே. நம்ம மிமிக்ரி ஆளு அரை மணி நேரத்துல பேசிட்டுப் போயிட்டான்" என்றார்.

"அவரு நல்லாப் பேசுவாருங்களே?"

"யோவ், வெள்ளைக்காரன் கோயமுத்தூர் தமிழ் பேசினா தியேட்டர்ல எவன்யா நம்புவான்? புரொடியூசர் ஒத்துக்கல. வரவேணாம்னு சொல்ல விட்டுப்போச்சு. நீயே பக்குவமா சொல்லி அழைச்சுட்டுப் போயிடு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். ஊரையெல்லாம் திட்டிவிட்டு என்னை மட்டும் விட்டுவிட முடியாது. வராந்தாவுக்கு வந்தேன். ஹெர்பர்ட் பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, "கூப்புட்டாங்களா கண்ணு?" என்றார். முகம் பரீட்சைக்குப் போகிற பையன் முகம் மாதிரி இருந்தது. நான் சொன்னேன்: "அங்க ஷூட்டிங்ல பேசுனதே பிரமாதமா இருக்குதாமுங் சார். அதையே வெச்சுக்கறாங்களாம். மறுபடி பேச வேண்டாமாம்."

ஏன் சொன்னேன் என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை. அவர் எழுந்து, மூடியிருந்த கதவைப் பார்த்துக் கும்பிட்டு, "ரொம்பச் சந்தோசமுங்க!" என்று உரக்கச் சொன்னார். உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது. திரும்பி வரும் ரயிலில் எதிர்சீட்டுக்காரர்களுக்கெல்லாம் அந்த வசனத்தைப் பேசிக் காட்டினார். நான் மேல் பர்த்தில் ஏறித் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டேன்.

படம் வந்தது. கோயமுத்தூரில் மேட்னி காட்சிக்கு ஹெர்பர்ட் இரண்டு வரிசை பிடித்திருந்தார். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள், லைன் வீட்டுக்காரர்கள், வெள்ளகோவிலில் இருந்து அக்காவின் தம்பி குடும்பம். அவ்வளவு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, 'மாப்பிள்ளை பெரிய வேஷம் கட்டியிருக்கிறார்' என்று வந்திருந்தார்கள். போகாமல் இருக்க நான் காய்ச்சல், பஞ்சர் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். "நீ இல்லாமயா?" என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்.

அந்த இடம் வந்தது. அவருடைய முகம், அவருடைய கை, அந்தக் கண்கள். வாய் திறந்தது. வேறு யாரோ பேசினார்கள். "மாரப்பா... நான் எங்கே போக்கும் மேன்? எனக்கு யாரை டெரியும்?" முன்வரிசையில் ஒரு சிரிப்பு. "இந்த மண்ணு கழுவ்றதுக்கு அங்கே... டண்ணி இல்லே மேன்!" தியேட்டரே விசிலில் அதிர்ந்தது. யாரோ, "கடை தொறந்திருக்கு தொரை, வா வாங்கித் தாரேன்" என்று கத்தினான்.

எங்கள் இரண்டு வரிசையில் மட்டும் சத்தமில்லை. அக்கா பின்பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து, "ஏனுங்க, எழவு ஊட்டுல சிரிப்பீங்களா?" என்று கேட்டார். ஹெர்பர்ட் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். இருட்டில் முகம் சரியாகத் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம்.

இருவரையும் வண்டியில் வீடு கொண்டுபோய்ச் சேர்த்தேன். இறங்கியதும் ஹெர்பர்ட் கதவை மெதுவாகச் சாத்தினார். "ரொம்ப நன்றிங்க. நாளைக்கு வண்டி வேண்டாமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் 'ங்க' போடுவது மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கண்ணு என்று கூப்பிட்டவர் வாயில் இருந்து அது வந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் உள்ளே போனதும் அக்கா ஜன்னல் அருகே வந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" தலையாட்டினேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா இத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டமே" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மறுமாதம் ஒரு கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போனபோது, படப்பிடிப்பில் பதிவு செய்த அந்த டேப்பையாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அதே கூடத்துக்குப் போனேன். "அந்த டேப்பா? அதும் மேலேயே அடுத்த படம் ஏத்தியாச்சேப்பா" என்றார்கள், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. இந்தத் தடவை பொய் சொல்லாமல் ஹெர்பர்ட்டிடம் போய்ச் சொன்னேன். "சொன்னதுக்கு நன்றிங்க" என்றார்.

அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறினார், ஒரு நிபந்தனையோடு நடித்தார்: பேச மாட்டார். கம்பெனிகளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பொள்ளாச்சியில் ஒரு நாள் காலையில் இருந்து மூன்று மணி வரை வெயிலில் பிணமாகப் படுத்திருந்தார். "பெரியவர் பிணமா நல்லா பண்றாரு" என்று உதவி இயக்குநர் பாராட்டினார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். என்னைக் கண்ணு என்று மறுபடி கூப்பிடவே இல்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் இறந்துபோனார். நெஞ்சுவலி. கல்லறைக்கு மில்காரர்கள் வந்தார்கள், சினிமாவில் இருந்து ஒரு மாலைகூட வரவில்லை. மறுநாள் ஒரு பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி. 'தமது மழலைத் தமிழால் ரசிகர்களைச் சிரிக்க வைத்தவர்.' மழலைத் தமிழாம்! அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். "அவருக்குச் சொந்தக்காரரா நீங்க?" என்று கேட்டார்கள். டிரைவர் என்றேன். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த மில் இப்போது இல்லை, அடுக்குமாடி வீடுகள். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். தியேட்டர் துணிக்கடை ஆகிவிட்டது. பவானிக் கரையில் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிய விவசாயியைத் தேடி ஒரு தடவை போனேன். இறந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்றார்கள். மரகதம் அக்கா வெள்ளகோவிலில் தம்பி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் போனபோது படுக்கையில் இருந்தார். "அவரு கொரலு எனக்கு மறந்துபோச்சு. மொகம் வருது, கொரலு வரமாட்டீங்குது. நீதான் வண்டியில தெனமும் கேட்டியே, அதைப் பேசிக் காட்டு" என்றார்.

எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "மாரப்பா..." என்றதுமே என் நாக்கு தடித்துக்கொண்டது. 'போறது' என்று சொல்லப் போனால் 'போக்கும்' என்று வருகிறது. எத்தனை வருஷம், எத்தனை டீக்கடையில், எத்தனை டிவியில் அந்தப் போலிக் குரலைக் கேட்டிருக்கிறேன். அதுதான் முந்திக்கொண்டு வந்தது. நிறுத்தி மறுபடி பேசினேன். மூன்றாம் தடவையும் பேசினேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்து, "பரவால்ல உடு கண்ணு. அது அவரு இல்ல" என்றார்.

இந்த ஆடியில் அக்காவும் போய்விட்டார். அது அவர் இல்லை என்று சொல்லத் தெரிந்த கடைசி ஆள்.